வயல்வெளியில் தாகந் தீர்க்கும் பானங்கள்

தேயிலை, கோப்பி, சீனி ஆகியவற்றைக் குறைக்க விரும்பும் கமக்காரர்க்குச் சில குறிப்புகள்

நெற்பயிர் குடலைப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நீர்க்குறைவைத் தாங்கமாட்டாது என்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர். மிளகாய்க் கன்றுக்கும் வெங்காயப் பாத்திக்கும் எத்தனை நாளுக்கு ஒருமுறை இறைக்க வேண்டும் என்பதையும், இறைக்கும் நீர் உவரா நன்னீரா என்பதையும் அவர்கள் கவனித்தே செய்கை பண்ணுகின்றனர். ஆயினும், அப்பயிரை வளர்க்கும் தமது உடலுக்கு எவ்வகை நீரை, எவ்வளவு, எந்நேரத்தில் ஊட்ட வேண்டும் என்பதைச் சிந்திப்போர் சிலரே. வரம்பின்மேல் தேநீர்க் கேத்தல் வந்தால் தேநீர். கடைத்தெருவுக்குச் சென்றால் போத்தற் பானம். ஒன்றும் இல்லையெனில் தாகத்தை அடக்கிக்கொண்டு வேலை. இதுவே பலருடைய வழக்கமாக இருக்கின்றது.

நீரிழிவு கண்டபின் சீனியை விடும்படியும், நித்திரையின்மை, நெஞ்செரிவு, நெஞ்சுப் படபடப்பு ஆகியவற்றின்பொருட்டுத் தேயிலையையும் கோப்பியையும் குறைக்கும்படியும் வைத்தியர் கூறும்போது, “பின்னர் எதைத்தான் குடிப்பது?” என்னும் வினா எழுகின்றது. சிலர் சீனிக்குப் பதிலாகச் செயற்கை இனிப்புக் குளிசைகளைத் தேநீரில் இடுகின்றனர். வேறு சிலர் “சீனி சேர்க்கப்படாதது” என எழுதிய போத்தல்களை வாங்குகின்றனர். இவ்விரு வழிகளையும் நாடாமலே தாகந் தீர்க்கவும் உடலுக்கு வலுவூட்டவும் வல்ல பானங்கள் எமது வயலிலும் தோட்டத்திலும் கிணற்றடியிலும் உள்ளன. அவற்றைத் தெரிந்து பயன்படுத்தும் முறையை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

ஒரு நாளின் கணக்கு

விடியற்காலை எழுந்தவுடன் ஒரு கோப்பை, வயலுக்குப் புறப்படுமுன் ஒன்று, பத்து மணிக்கு வரம்பில் ஒன்று, பகலுணவின்பின் ஒன்று, மாலையில் ஒன்று, இரவு காவற் கொட்டிலில் ஒன்று என ஆறு கோப்பைத் தேநீர் குடிக்கும் கமக்காரர் பலர் உளர். கோப்பை ஒன்றுக்கு இரண்டு தேக்கரண்டிச் சீனி எனக் கொண்டால், நாளொன்றுக்கு 12 தேக்கரண்டி ஆகும். மட்டமான ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம் நிறையுடையது. ஆகவே தேநீரில் மட்டும் 48 கிராம் சீனி உடலுட் செல்கின்றது. மாதமொன்றுக்கு இது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் ஆகும். டின்பால் சேர்த்த கடைத் தேநீராயின் கணக்கு இன்னும் கூடும்.

உலக சுகாதார தாபனம் 2015 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலின்படி, உணவிலும் பானத்திலும் சேர்க்கப்படும் சீனியிலிருந்து பெறும் சக்தி, நாளொன்றுக்குரிய மொத்தச் சக்தியில் பத்திலொரு பங்குக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். இருபதிலொரு பங்குக்குக் குறைவாயின் மேலும் நன்று. வளர்ந்த ஒருவர்க்கு இப்பிந்திய அளவு 25 கிராம், அதாவது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி. எனவே மேற்கூறிய கமக்காரர் வேறு இனிப்பு எதனையும் தொடாவிடினும், தேநீரின் மூலமே அவ்வளவைப்போல் இரு மடங்கை உட்கொள்கின்றார். சீனியைக் குறைக்கும் முயற்சி தேநீர்க் கோப்பையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதற்கு இக்கணக்கே போதிய சான்று.

கஃபீன் யாது?

தேயிலையிலும் கோப்பிக் கொட்டையிலும் இயற்கையாக உள்ள ஊக்கப்பொருளே கஃபீன் ஆகும். களைப்பை உணரவிடாது மூளையைத் தூண்டுவது இதன் இயல்பு. ஒரு கோப்பைத் தேநீரில் ஏறக்குறைய 30 முதல் 50 மில்லிகிராம் வரையும், வடித்த கோப்பி ஒரு கோப்பையில் ஏறக்குறைய 90 மில்லிகிராமும் உண்டு. கோலாப் பானங்களிலும், ஊக்கபானம் எனத் தகரக் குவளைகளில் விற்கப்படுபவற்றிலும் இது சேர்க்கப்படுகின்றது. 250 மில்லிலீற்றர் ஊக்கபானத்தில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் இருக்கும். பச்சைத் தேயிலையில் கஃபீன் இல்லை எனச் சிலர் எண்ணுவது தவறு. அதுவும் அதே செடியின் இலையாதலால் அதிலும் கஃபீன் உண்டு.

நற்சுகமுடைய வளர்ந்தோர் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை உட்கொள்ளுதல் தீங்கன்று என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015 ஆம் ஆண்டு கூறியது. கருவுற்ற பெண்களுக்கு 200 மில்லிகிராமே எல்லை. எனவே ஆறு கோப்பைத் தேநீர் ஆடவர் ஒருவர்க்கு எல்லைக்கு உட்பட்டதாயினும், நாற்று நடும் கருவுற்ற பெண்ணுக்கு எல்லை மீறியதாகலாம். வயல் வேலைக்கு வருவோர்க்குத் தேநீர் கொடுக்கும் வீட்டார் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

கஃபீனைப்பற்றிக் கமக்காரர் அறிய வேண்டிய செய்திகள் வேறும் இரண்டு உள. உட்கொண்ட கஃபீனிற் பாதி உடலைவிட்டு நீங்குவதற்கு ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் செல்லும். மாலை ஆறு மணிக்குக் குடித்த தேநீரின் வேகம் இரவு பதினொரு மணிக்கும் பாதியளவில் நிலைத்திருக்கும். யானைக்கும் பன்றிக்கும் காவலிருப்போர்க்கு அது உதவலாம். காவல் இல்லாத இரவிலும் அவ்வழக்கத்தைத் தொடர்வோர் நித்திரையை இழக்கின்றனர். இரண்டாவது, தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாது தடுக்கின்றன. குருதிச்சோகையுடைய பெண்களும் வளரும் பிள்ளைகளும் உணவோடு தேநீர் குடித்தலைத் தவிர்த்து, உணவுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ பின்போ குடித்தல் நன்று. தேசிக்காய்ப் புளியோ, நெல்லிக்காயோ உணவோடு சேருமாயின் இரும்புச்சத்து நன்கு உறிஞ்சப்படும்.

செயற்கை இனிப்புகள்

சீனியைவிடப் பல மடங்கு இனிப்புடையனவாய், சக்தி மிகக் குறைந்தனவாய் உள்ள பொருட்களே சீனிக்கு மாற்றாக விற்கப்படுகின்றன. சக்கரின், அஸ்பாட்டேம், சுக்கிரலோஸ், அசிசல்பேம் என்பன அவற்றுட் சில. ஸ்டீவியா என்னும் செடியின் இலையிலிருந்து எடுக்கப்படும் இனிப்பும் இவ்வகையிலேயே அடங்கும்.

உடல் நிறையைக் குறைக்கவோ, தொற்றா நோய்களைத் தடுக்கவோ இவற்றைப் பயன்படுத்த வேண்டா என உலக சுகாதார தாபனம் 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆலோசனை கூறியது. இவற்றால் உடல் நிறை நெடுங்காலம் குறைந்திருப்பதாகச் சான்று இல்லை என்பதே அதன் முடிவு. இவ்வாலோசனை ஏற்கெனவே நீரிழிவு உடையோரைக் குறித்ததன்று; அவர்கள் தமது வைத்தியரின் சொற்படி நடத்தல் வேண்டும். அதே ஆண்டு யூலை மாதத்தில் அஸ்பாட்டேம் “புற்றுநோயை உண்டாக்கக் கூடும்” என்னும் வகுப்பிற் சேர்க்கப்பட்டது. ஆனால் சான்றுகள் வலுவானவையல்ல எனவும், உடல் நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்னும் பழைய எல்லையை மாற்ற வேண்டியதில்லை எனவும் மற்றொரு நிபுணர் குழு அப்போதே அறிவித்தது. ஆகவே இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நம்பியிருக்க வேண்டியதும் இல்லை. நாவுக்கு இனிப்பின்மேலுள்ள பழக்கம் இவற்றால் நீங்குவதில்லை என்பதையே கவனித்தல் வேண்டும்.

இவற்றைத் தவிர்க்க விரும்புவோர் போத்தலிலுள்ள சேர்பொருட் பட்டியலை வாசித்தல் அவசியம். பெயர் எழுதப்படாவிடினும் எண் எழுதப்பட்டிருக்கும். 950 அசிசல்பேமையும், 951 அஸ்பாட்டேமையும், 954 சக்கரினையும், 955 சுக்கிரலோசையும், 960 ஸ்டீவியாவையும் குறிக்கும். எமது நாட்டில் இனிப்புப் பானங்களுக்குச் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இடும் விதி 2016 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. சிவப்பு மிகுதியையும், செம்மஞ்சள் நடுத்தரத்தையும், பச்சை குறைவையும் காட்டும். பச்சைக் குறி சீனியைப்பற்றி மட்டுமே கூறும். செயற்கை இனிப்போ கஃபீனோ இல்லை என்பதற்கு அது சான்றாகாது. குறியைப் பார்த்தபின் பட்டியலையும் பார்த்தே வாங்குக.

முதலாவது பானம் தூய நீரே

எப்பானமும் நீருக்கு ஈடாகாது. வெயிலில் மண்வெட்டி பிடிப்போரும், அரிவி வெட்டுவோரும், மருந்து தெளிப்போரும் தாகம் எடுக்கும்வரை காத்திராது, 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை நீர் அருந்துதல் வேண்டும். ஒரே தடவையில் பெருமளவு குடிப்பதிலும் சிறிது சிறிதாகப் பலமுறை குடிப்பதே சிறந்தது. மணித்தியாலம் ஒன்றுக்கு ஒன்றரை லீற்றருக்கு மேற் குடித்தலும் கூடாது. சிறுநீர் வைக்கோல் நிறமாக இருப்பின் உடலில் நீர் போதியதாய் உள்ளது எனவும், கடும் மஞ்சளாயின் குறைந்துள்ளது எனவும் அறியலாம்.

வடமத்திய மாகாணத்திலும் அதனை அண்டிய சில மாவட்டங்களிலும், 1990 ஆம் ஆண்டுகள் முதலாகக் கமக்காரரிடையே ஒருவகை நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்பட்டு வருகின்றது. நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாதவர்களையும் இது பற்றுகின்றது. நிலத்தடி நீரின் கடினத்தன்மை, அதிலுள்ள புளோரைட்டு, கமத்தொழில் இரசாயனங்கள், வெயிலில் நீரின்றி உழைத்தல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. முடிவான காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. ஆயினும் நல்ல நீரைத் தெரிந்தெடுத்தல், வேலை நேரத்தில் உடலை வற்றவிடாதிருத்தல் ஆகிய இரண்டும் கமக்காரர் தாமே செய்யக்கூடிய காவல்களாகும்.

கிணற்று நீரை நன்கு கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடித்தால் நோய்க் கிருமிகள் அழியும். ஆனால் நைத்திரேற்று, புளோரைட்டு, கமத்தொழில் இரசாயனங்கள் ஆகியவை கொதிக்கவைப்பதனால் நீங்கா. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீர் சுண்ணக்கல்லில் ஊறி நிற்பது. தோட்டத்துக்கு இடும் பசளையும், மலசலகூடக் குழிகளின் கசிவும் மண்ணினூடு இறங்கி எளிதில் அந்நீரை அடைகின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது. அதற்கு மேற்பட்ட நீரிற் பாலைக் கரைத்துக் கைக்குழந்தைக்கு ஊட்டினால், குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து குழந்தை நீலம்பாரிக்கும் அபாயம் உண்டு. ஆகவே தோட்டக் கிணற்றிலிருந்து குடிநீர் பெறுவோர் அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் நீரைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். பயிருக்குத் தேவைக்கு மேற்பட்ட பசளை இடாதிருத்தலும் குடிநீரைக் காக்கும் வழியேயாம்.

வயலுக்குக் கொண்டுசெல்லும் நீரை மண்கூசாவில் நிரப்பி நிழலில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். கூசாவின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்வதே இதற்குக் காரணம். வாய்க்கால் நீரையும் வயல் நீரையும் ஒருபோதும் பருகலாகாது.

கமக்காரர்க்கு ஏற்ற பானங்கள்

மோர்: வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், வெயில் வேலையின் இடையே மோர் மிகப் பொருத்தமான பானமாகும். ஒரு பங்கு தயிரை மூன்று அல்லது நான்கு பங்கு கொதித்தாறிய நீர்விட்டுக் கடைந்து, சிறு வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றை நறுக்கியிட்டு, ஒரு சிட்டிகை உப்பும் தேசிப்புளியும் சேர்த்துக்கொள்ளலாம். கோயில் திருவிழாக்களில் தண்ணீர்ப் பந்தலில் மோர் வார்த்த எமது முன்னோர் வெயிலின் இயல்பை நன்கறிந்தவர்கள். இரத்த அழுத்தம் உடையோர் உப்பை விடுத்துக் குடிக்கலாம்.

பழஞ்சோற்று நீர்: இரவில் எஞ்சிய சோறு ஆறியவுடனே தூய நீர் ஊற்றி மூடிவைத்து, காலையிற் பிசைந்து, வெங்காயம், பச்சை மிளகாய், தயிர் அல்லது தேங்காய்ப்பால் சேர்த்துக் குடிப்பது பழைய வழக்கம். உணவும் பானமும் ஒருங்கே கிடைப்பதால் காலைத் தேநீரின் இடத்தை இது எளிதில் நிரப்பும். நெடுநேரம் நீரூற்றாது வெளியே கிடந்த சோற்றையும், தீய நாற்றம் உடையதையும் தவிர்க்க. காலையிலேயே குடித்து முடித்தல் வேண்டும்.

இலைக்கஞ்சி: ஒரு கைப்பிடி சிவப்புப் பச்சையரிசியை ஐந்து கோப்பை நீரிற் குழைய வேகவைக்க வேண்டும். நன்கு கழுவிய வல்லாரை, முசுமுசுக்கை, கறிவேப்பிலை ஆகியவற்றுள் கிடைப்பதை அரைத்துப் பிழிந்த சாற்றை இறுதியில் விட்டு, சிறிது தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்து ஒரு கொதியில் இறக்குக. குரக்கன் மாவிலும் பயற்றிலும் இவ்வாறே கஞ்சி காய்ச்சலாம். பனங்கட்டி இடாமற் குடித்துப் பழகுதல் நன்று.

இளநீர்: செவ்விளநீரிலும் பிற இளநீரிலும் பொற்றாசியம் மிகுதியாகவும் சோடியம் குறைவாகவும் உண்டு. வேலை முடிந்தபின் ஒன்று அருந்துதல் களைப்பை ஆற்றும். இதில் இயற்கைச் சீனியும் இருப்பதால் நீரிழிவு உடையோர் அதனைக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். வெட்டிய இளநீரை வைத்திருந்து குடியாது உடனே குடிக்க.

மல்லி நீர்: ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லியை இளஞ்சூட்டில் வறுத்து, தட்டிய வேர்க்கொம்புத் துண்டொன்றுடன் மூன்று கோப்பை நீரிலிட்டு, இரண்டு கோப்பையாக வற்றும்வரை காய்ச்சி வடிக்கலாம். இதிற் கஃபீன் இல்லை. சூடான பானம் இன்றி இருக்கமுடியாதவர்க்குத் தேநீரின் இடத்தை நிரப்பத்தக்கவற்றுள் இதுவே முதன்மையானது. கோப்பியின் மணத்தை விரும்புவோர், மல்லியும் சீரகமும் சிவப்பரிசியும் கருகாது நன்கு சிவக்க வறுத்து, வேர்க்கொம்புடன் இடித்துத் தூளாக்கி, அத்தூளைக் கோப்பிபோற் காய்ச்சலாம்.

பூவும் இலையும்: ஆவரசம்பூ, வில்வம்பூ, எலுமிச்சம்புல், நன்னாரி வேர் ஆகியவற்றை நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டு தேயிலைபோல் ஊறவைத்துக் குடிக்கலாம். இவற்றிலும் கஃபீன் இல்லை. தேங்காய்ப்பூக்கீரை சிறுநீரைப் பெருக்கும் என நாட்டு வைத்தியம் கூறுவதால், அது கடும் வெயிலில் உழைக்கும் நேரத்துக்கு உரியதன்று. கருவுற்றோரும், நாட்பட்ட நோய்க்கு மருந்து உண்போரும் வைத்தியரை வினவியே மூலிகைப் பானங்களைத் தொடங்குதல் வேண்டும்.

தேசிக்காய் நீர்: ஒரு தேசிக்காயின் பாதியை ஒரு பெரிய குவளை நீரிற் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பிட்டுக் குடிக்கலாம். தோட்டத்திற் பறித்த வெள்ளரிப் பிஞ்சின் துண்டுகளும் புதினா இலையும் இட்ட நீர், இனிப்பின்றியே சுவையுடையது.

பனங்கட்டியும் பழச்சாறும்

பனங்கட்டி சீனியைப்போல் தீங்கு செய்யாது என்பது பரவலான எண்ணம். வெள்ளைச் சீனியில் இல்லாத தாதுப்பொருட்கள் சிறிது அதில் இருப்பினும், அதன் பெரும்பகுதி சீனியே. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய கருப்பநீரும் இனிப்பு மிகுந்தது. பருவகாலத்தில் ஒரு சிறு பிளா அளவு குடித்து மகிழ்வதில் தவறில்லை. நீரிழிவு உடையோர்க்கு அது உகந்ததன்று. எனினும், பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிக்கும் எமது பழைய வழக்கில் ஒரு நன்மை உண்டு. சிறு துண்டொன்றே ஒரு கோப்பை முழுவதற்கும் போதுமாதலால் இனிப்பின் அளவு கண்ணுக்குத் தெரிகின்றது. சீனி கரைந்த தேநீரில் அவ்வளவு தெரிவதில்லை.

பழங்களைச் சாறு பிழிந்து குடிப்பதினும் பழமாகவே உண்பது மேல். மூன்று தோடம்பழத்தை ஒருங்கே உண்பது அரிது. அவற்றின் சாற்றை ஒரு மூச்சிற் குடித்துவிடலாம். அவ்வாறு குடிக்கும்போது பழத்தின் நார் நீங்கிச் சீனி விரைவாகக் குருதியிற் கலக்கின்றது.

கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியவை

தமரத்தங்காய்ச் சாறும் பிலிங்காய்ச் சாறும் ஒட்சலேற்று மிகுந்தவை. நீரிழிவுக்கும் கொழுப்புக்கும் மருந்தென எண்ணி இவற்றின் சாற்றைப் பெருமளவு குடித்தவர்களின் சிறுநீரகம் பழுதுற்றமை எமது நாட்டு வைத்தியர்களாற் பதிவு செய்யப்பட்டுள்ளது. வெறும் வயிற்றிற் குடித்தல் மிக ஆபத்தானது. சிறுநீரக நோயுடையோர் தமரத்தம்பழத்தைச் சிறிதளவேனும் உண்ணலாகாது. அந்நோயாளர் இளநீர், இலைக்கஞ்சி ஆகியவற்றையும், நாளொன்றுக்குக் குடிக்கும் மொத்த நீரின் அளவையும் வைத்தியரிடம் கேட்டே தீர்மானித்தல் வேண்டும்.

களைநாசினி தெளித்த வரம்பிலிருந்து வல்லாரை, தேங்காய்ப்பூக்கீரை முதலியவற்றைப் பறித்தல் கூடாது. பார்வைக்குப் பசுமையாக இருப்பினும் அவ்விலைகளில் நஞ்சு இருக்கலாம். பானத்துக்குரிய இலைகளை வீட்டு வளவிலேயே வளர்த்துக்கொள்க.

பூச்சிநாசினி, களைநாசினி ஆகியவற்றின் வெறும் போத்தல்களில் குடிநீர் எடுத்தல் பெருந் தவறு. எத்தனை முறை கழுவினும் அவை குடிநீருக்கு உதவா. அவ்வாறே குடிபானப் போத்தல்களில் நாசினிகளைப் பிரித்து ஊற்றி வைத்தலும் கூடாது. நிறத்தைக் கண்டு பானமென எண்ணிக் குடித்து உயிரிழந்தோர் உளர்; அவர்களிற் பிள்ளைகளும் அடங்குவர். மருந்து தெளிப்போர் கையையும் முகத்தையும் சவர்க்காரமிட்டுக் கழுவியபின்னரே நீர்ப் பாத்திரத்தைத் தொடுதல் வேண்டும்.

சீனி அவசியமாகும் வேளைகள்

வயிற்றோட்டத்தால் உடல் வற்றிய ஒருவர்க்குச் சீனியும் உப்பும் கலந்த நீர் மருந்தாகும். சீனியின் உதவியாலேயே குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சுகின்றது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஜீவனியைப் பொதியில் எழுதியவாறு கரைத்துக் கொடுக்க. அது கிடையாதபோது, கொதித்தாறிய நீர் 1 லீற்றரில் மட்டமான 6 தேக்கரண்டிச் சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுக்கலாம். இதற்குச் செயற்கை இனிப்பு உதவாது. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் நேரத்துக்கு உண்ணாது வயலில் வேலை செய்யும்போது நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் கண்டால், அவர்க்கும் உடனே சீனி நீர் கொடுத்தல் வேண்டும். ஆகையால் அத்தகையோர் சிறிதளவு சீனியைத் தம்முடன் கொண்டுசெல்லுதல் நன்று. வெயிலில் ஒருவர் நினைவு தடுமாறி உடல் கொதிப்பாராயின் நிழலிற் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறி, தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. நினைவற்றவர்க்கு எதனையும் பருகக் கொடுத்தல் கூடாது.

பழக்கத்தை மாற்றும் முறை

நெடுங்காலம் தேநீரும் கோப்பியும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், 12 முதல் 24 மணித்தியாலத்துள் தலையிடியும் சோர்வும் தோன்றும். இவை சில நாட்களில், பெரும்பாலும் ஒன்பது நாட்களுக்குள் நீங்கிவிடும். அறுவடைக் காலத்தில் இத்துன்பத்தை வரவழைத்துக்கொள்ளாது, வேலை குறைந்த காலத்தில் வாரத்துக்கு ஒரு கோப்பையாகக் குறைத்தல் நன்று. முதலில் மாலை மற்றும் இரவுத் தேநீரையும், பின்னர் உணவோடு குடிக்கும் தேநீரையும் விடுக.

சீனியையும் அவ்வாறே படிப்படியாகக் குறைக்கலாம். இரண்டு தேக்கரண்டியை இரு வாரத்துக்கு ஒன்றரையாகவும், அடுத்த இரு வாரத்துக்கு ஒன்றாகவும், பின்னர் அரையாகவும் குறைத்துவரின் நாவு அதற்குப் பழகிவிடும். வீட்டார் யாவரும் ஒருங்கே குறைத்தல் எளிது. ஒருவர்க்கு மட்டும் தனிக் கேத்தல் வைக்கும் வீட்டில் அவ்வழக்கம் நிலைப்பது அரிது.

கிணற்றடியில் ஒரு பானத் தோட்டம்

இப்பானங்களுக்கு வேண்டியவற்றுட் பெரும்பாலானவற்றைச் சிறு நிலத்தில் உண்டாக்கலாம். கிணற்றடியில் வழிந்தோடும் நீர் செல்லுமிடத்தில் எலுமிச்சம்புல்லின் பக்கக்கன்றைப் பிரித்து நடுக. ஈரமும் சிறிது நிழலும் உள்ள இடத்தில் வல்லாரையையும் புதினாவையும் பதியம் செய்யலாம். நல்ல வெயில் படுமிடத்தில் ஒரு தேசி மரமும் ஒரு கறிவேப்பிலை மரமும் நிற்றல் வேண்டும். தேசிக்கு அடியில் நீர் தேங்கவிடலாகாது. வேலியோரத்தில் ஆவரசும், இடமிருப்பின் செவ்விளநீர்த் தென்னை ஒன்றும் நட்டால் குடும்பத்தின் தேவை நிறைவுறும். சவர்க்கார நீர் படாதவாறு பாத்திகளைச் சற்று ஒதுக்கி அமைத்து, நாசினி தெளியாது பராமரிக்க. நல்ல கன்றுகளைப்பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் விசாரித்தறியலாம்.

முடிவாகக் கூறுமிடத்து, காலையில் கஞ்சி அல்லது பழஞ்சோற்று நீர். வேலை நேரத்தில் கூசா நீர். பத்து மணிக்கு மோர். பகலுணவோடு தேசிக்காய் நீர். வேலை முடிந்தபின் இளநீர் அல்லது வெள்ளரி நீர். இரவில் மல்லி நீர் என ஒரு நாளை அமைத்துக்கொள்ளலாம். தேநீரை முற்றாக விட வேண்டாதோர் காலையில் ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்க. கமக்காரர்களே! அடுத்த போகத்துக்கு விதைநெல்லைத் தெரிந்து வைக்கும்போதே, வரம்புக்குக் கொண்டுசெல்லும் பானத்தையும் தெரிந்து வையுங்கள். நீங்கள் தெரிந்தெடுப்பதையே உங்களோடு வயலில் இறங்கும் வீட்டாரும் கூலியாட்களும் குடிக்கின்றனர் என்பதை மறவாதீர்கள்.